ஒரு கிண்ணச் சோறும் அதன் கணக்கும்



கடந்த மாத வர்த்தக நிகழ்ச்சியில் யப்பான் நாட்டு மலிவு விலைச் சோற்றுக் கடைகளைப் பற்றிப் பேசத் தொடங்கி, நேரம் போதாமல் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அதன் பிறகு நிலையத்துக்கு வந்த அழைப்புகளில் பலர் கேட்டது ஒன்றே: "இவ்வளவு மலிவாய்க் குடுத்தும் அவங்களுக்கு எப்பிடிக் கட்டுது?" வேறு சிலர் அடுத்த படிக்கே போய்விட்டார்கள்: "எங்கட சோறு கறியையும் இப்பிடி விக்கேலாதோ?" வானொலியில் விட்ட இடத்திலிருந்து இங்கே எழுத்தில் தொடர்கிறேன். நான் சமையல்காரன் அல்லன், கணக்காளன். ஆகவே ருசியை விடச் செலவைப் பற்றித்தான் அதிகம் சொல்லுவேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

யப்பானில் எந்த ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலும் இந்தக் கடைகளில் ஒன்றாவது கண்ணில் படும். செம்மஞ்சள் பெயர்ப்பலகை என்றால் யொஷினோயா. மற்ற இரண்டு பெரிய பெயர்கள் சுகியா, மற்சுயா. உள்ளே பழைய மாதிரிக் கடைகளில் குதிரை லாடம் போல் வளைந்த ஒரு நீண்ட மேசை இருக்கும். சுற்றிவர முதுகு சாயாத கதிரைகள், நடுவே பணியாளர். உட்கார்ந்து சொன்னால் ஓரிரு நிமிடத்தில் கிண்ணம் வந்துவிடும். சுடுசோற்றின் மேல் மெல்லியதாய்ச் சீவிய மாட்டிறைச்சியும் வெங்காயமும், சோயாவும் இனிப்பும் கலந்த சாற்றில் அவிந்தது. இதன் பெயர் கியூடொன். பக்கத்தில் சிவப்பு நிற இஞ்சி ஊறுகாய், விரும்பிய அளவு எடுத்துக் கொள்ளலாம். சாறு கூட வேண்டுமானால் "சுயுடக்கு" என்று சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் "குழம்பு கொஞ்சம் கூட விடு" என்பதைப் போலத்தான்.

மாட்டிறைச்சி என்றதும் எங்களில் பலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். யப்பானியரும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். பௌத்தத்தின் செல்வாக்கால் 675ஆம் ஆண்டிலேயே மாடு உட்படச் சில மிருகங்களைத் தின்பதற்கு அரச தடை வந்தது. பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டார் என்று 1872இல் பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் அது நாகரிகத்தின் அடையாளமாக மாறியது. தோக்கியோவில் மாட்டிறைச்சிச் சட்டிக் கறி பரவியது. அதைச் சோற்றின் மேல் ஊற்றி அவசரக்காரனுக்குக் கொடுத்ததுதான் கியூடொன். மாடு வேண்டாதவர்களுக்குப் பன்றி, கோழி, மீன் கிண்ணங்களும் இன்று இந்தக் கடைகளில் உண்டு.

யொஷினோயா 1899இல் தோக்கியோவின் நிஹொன்பாஷி மீன் சந்தையில் தொடங்கியது. 1923 பூகம்பத்துக்குப் பிறகு சந்தை சுக்கிஜிக்கு இடம் மாற, கடையும் பின்னால் போனது. விடியுமுன் எழும்பி மீன் பெட்டி தூக்குகிறவர்கள்தான் வாடிக்கையாளர். அவர்களுக்கு நேரம் இல்லை, பசி இருக்கிறது, நல்ல சாப்பாடு எதுவென்று நாக்குக்கும் தெரியும். ருசி, விரைவு, மலிவு என்ற மூன்று சொல்லைக் கடை தன் சுலோகமாக வைத்துக் கொண்டது. எந்தச் சொல் முதலில் வர வேண்டும் என்பதைக் காலத்துக்குக் காலம் மாற்றியும் இருக்கிறார்கள். அந்த மாற்றத்தைப் பார்த்தாலே கம்பனி அந்த நேரம் எதற்குப் பயந்தது என்று ஊகிக்கலாம்.

இனிக் கணக்கு. சாப்பாட்டுக் கடையின் வருமானத்தைத் தீர்மானிப்பது கதிரைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, ஒரு கதிரை மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை காலியாகி நிரம்புகிறது என்பதும்தான். 14 கதிரை உள்ள கடை என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் 10 நிமிடத்தில் எழும்பினால் மணிக்கு 84 பேர் வரை சாப்பிடலாம். அதே ஆள் 40 நிமிடம் இருந்தால் 21 பேர்தான். வாடகை இரண்டுக்கும் ஒன்று. நாலில் ஒரு பங்கு சனத்தை வைத்து அதே வாடகையைக் கட்டுவதென்றால் விலையைக் கூட்டத்தான் வேண்டும். எங்கள் கடைகளில் தேத்தண்ணியோடு அரசியல் பேசி ஒரு மணித்தியாலம் இருப்பது எனக்கும் பிடித்த விசயம்தான். ஆனால் அந்த மணித்தியாலத்துக்கும் யாரோ வாடகை கட்டுகிறார்கள்.

அடுத்தது, ஒரே சாப்பாடு. நெடுங்காலம் யொஷினோயா கிட்டத்தட்டக் கியூடொன்னை மட்டுமே விற்றது. ஒரு பெரிய சட்டி, ஒரு சோற்றுப் பானை. பழக்க வேண்டிய வேலை கொஞ்சம், எறிய வேண்டிய மிச்சம் அதைவிடக் கொஞ்சம். எங்கள் கடைகளில் 90 சாப்பாட்டுப் பெயர் போட்ட அட்டையைப் பார்க்கும்போது எனக்கு அந்த 90க்கும் குளிர்பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கும் காசுதான் கண்ணில் தெரியும்.

மூன்றாவது, இறைச்சித் துண்டு. அவர்கள் வாங்குவது மாட்டின் வயிற்றுப் பக்கத்துக் கொழுப்புக் கலந்த பகுதி. அமெரிக்காவில் அதற்கு அவ்வளவு மதிப்பில்லை, பெரிய துண்டாகச் சுட்டுத் தின்ன உதவாது. மெல்லியதாய்ச் சீவிச் சாற்றில் போட்டால் அதன் கொழுப்பே ருசி. ஒரு ஊரில் மலிவாய்க் கிடப்பதை இன்னொரு ஊரில் தேடி உண்ணும் பண்டமாக்குவது வியாபாரத்தின் மிகப் பழைய வழி.

மற்சுயா வேறொரு வழியில் மிச்சம் பிடித்தது. வாசலில் ரிக்கற் மெசின் வைத்துக் காசை முன்கூட்டியே வாங்கிவிடும். பரிமாறுகிறவர் காசைத் தொடுவதில்லை, பில் எழுதுவதில்லை. கடையில் இருந்து சாப்பிட்டால் மிசோ சூப் இலவசம். யொஷினோயாவோ மெசின் வேண்டாம், ஆளோடு ஆள் பேச வேண்டும் என்று பல காலம் நின்றது. ஒரு சின்ன வரிக் கதையும் சொல்லவேண்டும். 2019 ஒக்ரோபரில் யப்பான் விற்பனை வரியை 10 வீதமாக்கியபோது, எடுத்துச் செல்லும் உணவுக்கு 8 வீதத்திலேயே விட்டது. சுகியாவும் மற்சுயாவும், உள்ளே சாப்பிட்டாலும் கட்டிக்கொண்டு போனாலும் கியூடொன்னுக்கு வாடிக்கையாளர் கட்டும் தொகை ஒன்றாகவே இருக்கட்டும் என்று விலையைச் சரிசெய்தன. யொஷினோயா இரண்டு விலை போட்டது. எது சரி என்று கணக்காளர்கள் இன்றைக்கும் வாதாடலாம். வேலை செய்கிற பிள்ளைக்கு லேசு ஒற்றை விலைதான்.

இவ்வளவு கெட்டித்தனம் இருந்தும் யொஷினோயா ஒருமுறை விழுந்தது. இந்தப் பகுதியைக் கடை தொடங்க எண்ணுகிறவர்கள் ஆறுதலாக வாசிக்க வேண்டும். 1977இல் அவர்களுக்கு 100 கடை. அடுத்த வருடமே 200. இவ்வளவு கடைக்கு வேண்டிய இறைச்சி கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்நாளில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. தட்டுப்பாட்டைச் சமாளிக்க உறையவைத்து உலர்த்திய இறைச்சியைக் கலந்தார்கள். சாற்றைத் தூளாக்கி அனுப்பினார்கள். விலையையும் கூட்டினார்கள். ருசி இறங்கி விலை ஏறியதைக் கண்ட சனம் பேசாமல் வேறு பக்கம் போய்விட்டது. 1980இல் கம்பனி முறிந்து, நீதிமன்றத்தின் கீழ் மறுசீரமைப்புக்குப் போனது. கடன் எல்லாம் கட்டி அந்த நடைமுறையிலிருந்து வெளியே வர 1987 ஆகிவிட்டது. ஒவ்வொரு கடையும் தனியே பார்த்தால் நிரம்பித்தான் இருந்திருக்கும். கடைகளின் எண்ணிக்கை, வாங்கும் சரக்கின் அளவை மீறி ஓடியதுதான் நோய்.

இரண்டாவது சோதனை 2004இல். முந்திய வருடம் டிசெம்பரில் அமெரிக்காவில் மாட்டுப் பைத்திய நோய் கண்டுபிடிக்கப்பட, யப்பான் அமெரிக்க இறைச்சியைத் தடைசெய்தது. 2004 பெப்ரவரியில் யொஷினோயா கியூடொன் விற்பதையே நிறுத்தியது. யோசித்துப் பாருங்கள், நூறு வருடமாய் விற்ற ஒரே பண்டம்! சுகியா அந்த வருடம் செப்ரெம்பரிலேயே அவுஸ்திரேலிய இறைச்சியோடு மீண்டும் தொடங்கியது. யொஷினோயாவோ "அந்த அமெரிக்கத் துண்டு இல்லாமல் எங்கள் ருசி வராது" என்று 2006 செப்ரெம்பர் வரை பன்றியிறைச்சிக் கிண்ணத்தை வைத்துக் காலம் தள்ளியது. அன்று தலைவராக இருந்த அபே ஷூஜி, அதே கம்பனியில் பகுதிநேரப் பணியாளராகத் தொழிலுக்கு வந்தவர். 1980 வீழ்ச்சியைக் கண்ணால் கண்டவர். ருசியை விட்டுக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர். ஆனால் அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2008இல் கடை எண்ணிக்கையில் சுகியா முந்திவிட்டது. சுகியாவைத் தொடங்கியவரும் யொஷினோயாவில் வேலை பார்த்து வெளியேறியவர்தான் என்பது இன்னொரு சுவையான செய்தி.

பிறகு விலைப் போர். 2001இல் 400 யென் கிண்ணத்தை 280க்கு இறக்கியது யொஷினோயா. பின்னர் மற்றவர்களும் மாறி மாறி 280க்கு வந்தார்கள். இறைச்சி விலை அவர்கள் கையில் இல்லை, வாடகையும் இல்லை. மிஞ்சியது கூலி.

சுகியா இரவு நேரத்தில் கடைக்கு ஒரே ஒரு ஆளை நிறுத்தியது. சமைப்பது, பரிமாறுவது, காசு வாங்குவது, கழுவுவது, கக்கூஸ் துடைப்பது எல்லாம் அந்த ஒருவர். கள்ளருக்கும் இது தெரிந்துவிட்டது. கொள்ளைகள் கூடிப் பொலிசாரே கம்பனியை எச்சரித்தார்கள். 2014 தொடக்கத்தில் ஆளுக்கொரு அடுப்பில் வைக்கும் சட்டிக் கறி ஒன்றை அறிமுகம் செய்தார்கள். அதற்கு ஆயத்த வேலை அதிகம். பணியாளர்கள் கூட்டாக வேலையை விட்டுப் போக, ஆளில்லாமல் பல கடைகள் பூட்டப்பட்டன. அந்த வருடம் ஜூலையில் வெளிவந்த சுயாதீனக் குழுவின் அறிக்கை, மாதம் 500 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்த ஊழியர்களைப் பற்றியும், 24 மணித்தியாலம் தொடர்ந்து நின்றவர்களைப் பற்றியும் சொன்னது. 30 நாளில் மொத்தம் 720 மணித்தியாலம்தான் இருக்கிறது, நேயர்களே. ஒக்ரோபரில் தனியாள் இரவு வேலையை நிறுத்தினார்கள். இரண்டாவது ஆளைப் பிடிக்க முடியாத ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் இரவில் மூடின. அப்போதும் அதிகாலை வேளை தப்பிவிட்டது. 2022 ஜனவரியில் நகோயாவில் தனியே நின்ற ஒரு பெண் பணியாளர் விழுந்து, நெடுநேரம் கவனிப்பாரின்றிக் கிடந்து இறந்தார். அதன் பிறகே காலை நேரத் தனியாள் முறையும் போனது.

இந்தப் பந்தியை எழுதும்போது எனக்கு வந்த கோபம் யப்பானைப் பற்றியது மட்டுமல்ல. இங்கே லண்டனில் பெற்றோல் செட்டில் இரவு முழுக்கத் தனியே கண்ணாடிக்குப் பின்னால் நிற்காத எங்கள் தலைமுறை ஆண்கள் எத்தனை பேர்? விடியற்காலை அலுவலகம் துடைக்காத பெண்கள் எத்தனை பேர்? மலிவு என்பது எப்போதும் யாரோ ஒருவரின் கணக்கில் பற்று எழுதப்பட்டே வருகிறது. அது யாருடைய கணக்கு என்பதை எங்கள் ஆட்கள் கேட்காமலே அறிவார்கள்.

இனிக் கறிக்கு வருகிறேன். யப்பானியக் கறி எங்களிடமிருந்து நேரே போகவில்லை. பிரித்தானியர் எங்கள் பக்கத்து மசாலாவைத் தூளாக்கித் தகரத்தில் அடைத்து, கோதுமை மாவில் கெட்டியாக்கிய குழம்பாகக் கொண்டுபோனார்கள். 1872இலேயே யப்பானியச் சமையல் புத்தகங்களில் கறிக் குறிப்பு வந்துவிட்டது. ஆகையால் அவர்களுக்குக் கறி என்பது மேல்நாட்டுச் சாப்பாடு! இந்த லண்டனில் எந்தக் கறிச் சாற்றையும் "கற்சு" என்று போத்தலில் ஒட்டி விற்கிறார்கள். கற்சு என்றால் பாண்தூளில் தோய்த்துப் பொரித்த இறைச்சித் துண்டு, குழம்பு அல்ல. என் மகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஆனால் நேராகப் போன ஒரு கறியும் உண்டு. அதைக் கொண்டுபோனவர் ஒரு அகதி. வங்காளத்து ராஷ் பிஹாரி போஸ், பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1915 கிளர்ச்சி தோல்வியடைந்ததும் யப்பானுக்குத் தப்பிப் போனார். பிரித்தானியா அவரைக் கேட்டது. யப்பான் நாடுகடத்தும் கட்டளையும் போட்டது. அப்போது ஷின்ஜுகுவில் நகமுரயா என்ற பாண்கடை நடத்திய சோமா தம்பதியினர் தங்கள் வளவுக்குள் இருந்த ஒரு கட்டடத்தில் அவரை ஒளித்து வைத்தார்கள். பின்னர் அவர்களின் மகள் தொஷிகோவை 1918இல் மணந்தார். 1923இல் யப்பானியப் பிரஜையானார். 1925இல் மனைவி இறந்துவிட்டார். 1927இல் அந்தப் பாண்கடை ஒரு சாப்பாட்டுக் கூடம் திறந்தபோது, அவர் மாவு சேராத, கோழியும் மசாலாவும் சேர்ந்த எங்கள் பக்கக் கறியை அதில் வைத்தார். மற்றக் கடைக் கறியை விடப் பல மடங்கு விலை, ஆனாலும் சனம் வந்தது. நகமுரயா இன்றும் அதை விற்கிறது. பின்னாளில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போசிடம் 1943இல் தலைமையை ஒப்படைத்தவரும் இவரே. அந்தப் படையில் மலாயாத் தோட்டத் தமிழர் எவ்வளவு பேர் சேர்ந்தார்கள் என்பதை எங்கள் மூத்த நேயர்கள் அறிவார்கள்.

மலிவுக் கறிக் கடை என்றால் இன்று கோகோ இச்சிபான்யா. முனெட்சுகு தொகுஜி என்பவரும் அவர் மனைவி நவோமியும் 1978இல் நகோயாவுக்குப் பக்கத்தில் தொடங்கினார்கள். அதற்கு முன் அவர்கள் நடத்தியது ஒரு கோப்பிக் கடை. அங்கே மனைவி வீட்டு முறையில் வைத்த கறிக்கு ஆட்கள் வந்ததைக் கண்டுதான் கறியைத் தனிக் கடையாக்கினார்கள். முனெட்சுகு பெற்றோர் யாரென்று அறியாமல் அநாதை விடுதியில் வளர்ந்து, தத்தெடுத்தவர் சூதாடியானதால் மின்சாரம் வெட்டிய வீட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்தவர். 53 வயதில், 2002இல், கம்பனியை விட்டு விலகினார். வாரிசாக வந்தவர் மகன் அல்லர், பகுதிநேரப் பணியாளராய்ச் சேர்ந்த ஒருவர். 2013இல் உலகின் மிகப் பெரிய கறிக் கடைச் சங்கிலி என்று கின்னஸ் பதிவு செய்தது. 2018 டிசெம்பரில் லண்டனிலும், 2020இல் டில்லிக்குப் பக்கத்துக் குருகிராமிலும் கூடத் திறந்தார்கள். கறியைத் தாயகத்துக்கே திருப்பி விற்கும் துணிச்சல்!

இங்கே சோற்றின் அளவைக் கிராமில் தெரிவு செய்யலாம், உறைப்பையும் எண்ணால் சொல்லலாம். அளவான சோறு 300 கிராம். கூடக் கேட்டால் கூடக் காசு, குறைத்தால் குறையும். எங்கள் கடைகளில் "இன்னும் கொஞ்சம் போடுங்கோ தம்பி" என்றால் முகத்துக்காகப் போட வேண்டும். அது கணக்கில் எங்கேயும் வராது. மரக்கறிக் கறி என்று பெயர் இருந்தாலும் அவர்களின் வழமையான குழம்பில் இறைச்சிச் சாறு உண்டு, சைவ நேயர்கள் கவனிக்கவும். மிருகப் பொருள் சேராத தனிக் குழம்பு யப்பானில் பல கிளைகளில் கேட்டால் தருவார்கள்.

என்னைக் கவர்ந்தது அவர்கள் கிளை கொடுக்கும் முறை. காசோடு வருகிறவருக்குப் பெயரை விற்பதில்லை. முதலில் ஊழியராகச் சேர்ந்து சில வருடம் வேலை செய்து, படிப்படியாகத் தரம் ஏறியவருக்கே சொந்தக் கடை. விற்பனையில் பங்குப் பணம் கேட்பதில்லை. குழம்பையும் சாமானையும் விற்பதில்தான் தாய்க் கம்பனிக்கு வருமானம். இங்கே பத்திரிகை விளம்பரத்தில் வரும் கிளைத் திட்டங்களில் முதலில் முற்பணம், பிறகு விற்பனையில் வீதம், அதன் மேல் விளம்பரச் செலவு. கடை நட்டத்தில் போனாலும் அந்த வீதம் போய்க்கொண்டே இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு இளம் தம்பதி அப்படி ஒரு ஒப்பந்தத்தோடு என்னிடம் வந்தார்கள். வீட்டை மறுபடி அடமானம் வைத்துக் கிண்ணச் சோற்றுக் கடை போட எண்ணம். "அங்கிள், அம்மா 20 வருசம் கிளீனிங் செய்து வாங்கின வீடு, பிழைக்க விடமாட்டம்" என்றார் அந்தப் பிள்ளை. அவர்களுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.

கிண்ணம் 9 பவுண்ஸ் 60 பென்ஸ். சுடுசாப்பாட்டுக்கு இந்த நாட்டில், கட்டிக்கொண்டு போனாலும், 20 வீதம் வற் வரி. ஆகவே 1.60 அரசாங்கத்தின் காசு, கல்லாவில் கிடந்தாலும் உங்களுடையது அல்ல. மிச்சம் 8 பவுண்ஸ். அதில் சாமான் செலவு 2.40, பெட்டிக்கும் பைக்கும் 30 பென்ஸ். கையில் 5.30. வாடகை, சம்பளம், மின்சாரம், காப்புறுதி எல்லாம் வாரத்துக்கு 3,710 பவுண்ஸ் என்றால், 700 கிண்ணம் விற்றால்தான் சமன். ஏழு நாளும் திறந்து, நாளுக்கு 100. இனி, பாதி விற்பனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பனிகள் மூலம் போகிறது, அவர்கள் மொத்த விலையில் கால்வாசி எடுக்கிறார்கள் என்று வையுங்கள். அந்தக் கிண்ணத்தில் 2.40 போய், மிச்சம் 2.90. சராசரி 4.10. இப்போது சமனாக வாரத்துக்கு 905 கிண்ணம் வேண்டும், நாளுக்கு 129க்கு மேல். இதில் முதலாளியும் மனைவியும் நிற்கும் மணித்தியாலத்துக்குச் சம்பளம் போட்டிருக்கிறேன். எங்கள் ஆட்கள் கொண்டுவரும் திட்டங்களில் அந்த வரி வெறுமையாகவே இருக்கும். அதுதான் தனியாள் இரவு வேலை, சொந்தக் கடை என்ற பெயரில்.

அரிசி விலையும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. யப்பானிலேயே 2025 வசந்த காலத்தில் கடைகளில் அரிசி முந்திய வருடத்தை விட ஏறத்தாழ இரண்டு மடங்கானது. யொஷினோயாவின் வழமையான கிண்ணம் அதற்கு முன்பே, 2021 ஒக்ரோபரில், 387 யென்னிலிருந்து 426 ஆகியிருந்தது. 280 யென் காலம் இனி இல்லை.

அந்தத் தம்பதி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவில்லை, கடை எண்ணத்தைக் கைவிடவும் இல்லை. கணவர் இப்போது ஒரு சோற்றுக் கடையில் சனி, ஞாயிறு வேலைக்குப் போகிறார். மணிக்கு எத்தனை கிண்ணம் போகிறது, எத்தனை மிச்சம் எறிகிறார்கள் என்று கொப்பியில் எழுதி வருகிறார். மேலே சொன்ன கணக்கை வெறுமையாய் நிரப்பும் தாளாக அடித்து நிலையத்தின் வரவேற்பு மேசையில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வந்து எடுத்துக் கொள்ளலாம். நிரப்பிக் கொண்டு வந்தால், செவ்வாய் இரவு நிகழ்ச்சி முடிந்த பிறகு அரை மணித்தியாலம் இருந்து பார்த்துத் தருவேன்.